ஜெபம் திருத்துகிறவர்

விருத்தாசலத்திலிருந்து பரலோகத்துக்குப் புறப்பட்ட எந்த ஜெபமும் முதலில் திருத்தம் அண்ணன் காதில் விழுந்து, பிழை நீக்கப்பட்டு, அதற்கப்புறம்தான் மேலே போகும். நானாகச் சொல்லவில்லை. எங்கள் பாஸ்டரே ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னது.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது யாருக்கும் தெரியாது. அவர் மனைவியே வாசலில் நின்று, “இந்தாங்க, திருத்தம் இருக்காரான்னு கேட்டு ஆள் வந்திருக்குது” என்றுதான் கூப்பிடுவார்.

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்கு விருத்தாசலம் ஜங்ஷனில் வேலை. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல் நான் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் சேர்ந்தேன். பொம்மைக்குக் கண் எழுதுவது என் வேலை. கிருஷ்ணனுக்கு, செட்டியாருக்கு, போலீஸ்காரருக்கு, கிறிஸ்துமஸ் நெருங்கினால் மாட்டுக்கொட்டகைக் குழந்தைக்கு என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கண், கண், கண். வீட்டுக்குப் போய்த் தோசை வார்த்தால் தோசையும் என்னையே பார்க்கும்.

அந்தக் கம்பெனியின் சூளை திருத்தம் அண்ணனின் ராஜ்ஜியம். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெடுநெடுவென்ற உயரம். புருவத்தில் பாதியை நெருப்பு தின்றிருந்தது. சூளைச் சுவரில் இருக்கும் சின்ன ஓட்டையில் கண்ணை வைத்து உள்ளே எரியும் நிறத்தைப் பார்த்தே, “இன்னும் முக்கா மணி நேரம்” என்பார். அது முக்கால் மணி நேரமாகத்தான் இருக்கும். காதில் ஒரு சிவப்புப் பென்சில். கக்கத்தில் செய்தித்தாள் அட்டை போட்ட வேதப்புத்தகம். அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் அவர் எழுதி வைத்த குறிப்புகளைத் தனியாகப் பிரித்தால் இன்னொரு புத்தகம் ஆகும் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில், பேக்கிங் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில், கம்பெனியில் இருந்த ஏழெட்டுக் கிறிஸ்தவர்கள் கூடி ஜெபிப்போம். முதல் வெள்ளிக்கிழமை, புதிதாக வந்தவள் என்பதால் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். நானும் கண்ணை மூடி, சின்ன வயதிலிருந்து கேட்ட மாதிரியே ஆரம்பித்தேன்.

“ஆண்டவரே, எங்கள் மத்தியில் இறங்கி வாரும்...”

“திருத்தம்!”

நான் பதறிப்போய்க் கண்ணைத் திறந்தேன். மற்ற யாரும் திறக்கவில்லை. அவர்களுக்குப் பழகியிருந்தது.

“ரெண்டு பேரு மூணு பேரு கூடுனா அவரு அங்கேயே இருக்காரு. இருக்கிறவரை எதுக்கும்மா வரச் சொல்ற? பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளைப் பாத்து ‘வாங்க, வாங்க’ன்னு கூப்பிட்டா அவரு என்னா நெனைப்பாரு? ம், மேல சொல்லு.”

மேலே என்ன சொல்வது? “ஆமென்” என்றேன். அந்த மரத்தடியில் சொல்லப்பட்டவற்றிலேயே சின்ன ஜெபம் அதுதான்.

கோவிலிலும் இதே கதை. ஞாயிறு ஆராதனையில் மூன்றாவது வரிசை ஓரம் அவர் இடம். அங்கே எழுந்து பேச முடியாது என்பதால் இருமுவார். ஒரு இருமல் என்றால் பாஸ்டர் ஏதோ பெயரை மாற்றிச் சொல்லிவிட்டார். இரண்டு இருமல் என்றால் ஒரு சம்பவத்தை இன்னொன்றோடு சேர்த்துக் குழப்பிவிட்டார். மூன்று இருமினால் உபதேசத்திலேயே கோளாறு. ஒரு மார்கழி மாதம் அண்ணனுக்கு நிஜமாகவே சளி பிடித்துவிட்டது. பாவம், பாஸ்டர் அன்றைக்கு மூன்று தடவை பிரசங்கத்தை ஆரம்பித்து, மூன்று தடவையும் நிறுத்தி, கடைசியில் எல்லாரையும் எழுப்பிப் பாட்டுப் பாட வைத்து அனுப்பிவிட்டார்.

பஸ்ஸிலும் விடமாட்டார். ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ் ஒன்றில், கண்ணாடிக்கு மேலே டிரைவர் ஏதோ வேத வசனம் ஒட்டியிருந்தார். அதில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருந்தது. அண்ணன் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய், வண்டி காலியானதும் சிவப்புப் பென்சிலால் அந்த வார்த்தையைச் சேர்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். “ரோட்டுல போறவனெல்லாம் படிக்கிறான்ல?” என்றார்.

இதெல்லாம் சின்ன விஷயம். மூன்று சாஸ்திரிகள் விவகாரம்தான் பெரிசு.

கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை செட் பெரிய ஆர்டர் வந்திருந்தது. குழந்தை, தாய், தகப்பன், இரண்டு மேய்ப்பர், ஒரு மாடு, ஒரு கழுதை, நட்சத்திரம் பார்த்துக் காணிக்கையோடு வந்த மூன்று சாஸ்திரிகள், அவர்களுக்கு ஒட்டகம். நான் சாஸ்திரிகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். திருத்தம் அண்ணன் வந்து நின்றார். ஒரு சாஸ்திரியைத் தூக்கினார். இன்னொன்றையும் மூன்றாவதையும் தூக்கினார். எண்ணினார். நேராக முதலாளி அறைக்குப் போனார்.

முதலாளி ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர், வராகப் பெருமாள் பக்தர், நல்ல மனிதர். சனிக்கிழமை விரதத்தில் இருந்தார்.

“மொதலாளி, சாஸ்திரிங்க மூணு பேருன்னு வேதத்துல எங்கியும் இல்ல.”

“அப்புடியா? எத்தினி பேரு?”

“எத்தினி பேருன்னே சொல்லல. காணிக்கைதான் மூணு வகை. ஆளு ரெண்டும் இருக்கலாம், பன்னெண்டும் இருக்கலாம்.”

முதலாளி யோசித்தார். “யோவ், பொட்டியில மூணு பள்ளம்தான்யா வெட்டியிருக்குது.”

“இன்னொண்ணு. அவங்க மாட்டுக்கொட்டாய்க்கே வரல. புள்ளையை வூட்டுலதான் பாத்தாங்கன்னு தெளிவா எழுதியிருக்குது. மேய்ப்பருங்க கூட அவங்களை ஒரே பொட்டியில வச்சி அனுப்புறது தப்பு.”

“அப்ப அவங்களுக்குத் தனியா ஒரு பொட்டி போடலாங்கிற?”

“போட்டா நல்லது.”

முதலாளி நெற்றியைத் தடவினார். “ஏம்ப்பா, நான் பெருமாளைச் சேவிக்கிறவன். உங்க சாமி பொறந்ததுக்கு எத்தினி பேரு வந்தாங்கன்னு நான் எந்தப் பக்கம் நின்னு தீர்ப்பு சொல்றது?”

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. பெட்டிக்குள் மூன்று சாஸ்திரிகளே போவார்கள். ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்: ‘சாஸ்திரிகளின் எண்ணிக்கை வேதத்தில் கூறப்படவில்லை. இவர்களைச் சற்றுத் தள்ளி வைக்கவும்.’ அந்த வருஷம் அந்தச் சீட்டைப் பார்த்த ஜனங்கள், வர்ணம் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது என்று பயந்து தள்ளித்தான் வைத்தார்களாம்.

இப்படி ஊரையே திருத்திக்கொண்டிருந்த மனிதரிடம் ஒரு விஷயத்தை நான் ஒரு வருஷம் கழித்துத்தான் கவனித்தேன். அவர் ஜெபிப்பதில்லை. அதாவது, வாய்விட்டு ஜெபித்து யாரும் கேட்டதில்லை. வேப்பமரத்தடியில் முறை வரும்போது புத்தகத்தைத் திறப்பார், ஒரு பகுதியை அழகாக விளக்குவார், அப்படி விளக்க அந்தப் பக்கத்தில் ஆளில்லை. பிறகு பக்கத்து ஆளைப் பார்த்து, “நீ ஜெபிச்சி முடி” என்பார். முடிக்கிறவனைத் திருத்துவார்.

அவருக்கு நேர் எதிர்த் துருவம் மரகதம் அக்கா. காய்ந்த பொம்மைகளைப் பளபளப்புத் தருகிற கிளேஸ் கரைசலில் முக்கி எடுக்கும் வேலை. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் பானை வனைகிற குடும்பத்தில் பிறந்து, கல்யாணத்துக்கப்புறம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவர். புருஷன் இறந்துவிட்டான். எழுதப் படிக்கத் தெரியாது. இயேசுவைத் தவிர அவருக்கு வேறு ரகசியச் சிநேகிதம் கிடையாது. வேலை செய்துகொண்டே பேசுவார். கரைசலில் கை முழுக்க வெள்ளையாக இருக்கும். வாய் அது பாட்டுக்கு ஓடும்.

“இயேசப்பா, இந்த ஆடு ரெண்டு நாளா எதையும் தின்ன மாட்டேங்குது. என்னான்னு பாரு. நானும் வேப்பந்தழை வச்சேன், மூஞ்சத் திருப்பிக்குது. உனக்குத்தான் ஆட்டைப் பத்தி நல்லாத் தெரியுமே.”

சூளைப் பக்கமிருந்து சத்தம் வரும். “மரகதம்! சர்வலோகத்தையும் படைச்சவரு கிட்ட ஆட்டைப் பத்தியா பேசுற?”

“ஆட்டையும் அவருதானண்ணே படைச்சாரு?”

தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்கும். தேடுகிறார் என்று அர்த்தம்.

ஒரு வெள்ளிக்கிழமை மரகதம் அக்கா உருகி ஜெபித்தார். கண்ணீர் கன்னத்தில் ஓடுகிறது. “பிதாவே, எம்மேல எம்மாம் பிரியம் இருந்தா சிலுவையில தொங்கி எனக்காகச் செத்துப்போயிருப்பீங்க...”

“திருத்தம்! பிதா சிலுவையில மரிக்கல. குமாரன் மரிச்சாரு. இது ரொம்பப் பழைய தப்பு. ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னாடியே இதைத் தப்புன்னு சொல்லித் தள்ளிட்டாங்க.”

அக்கா கண்ணைத் துடைத்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

“புள்ள செத்தா அப்பனுக்கு வலிக்காதாண்ணே?”

திருத்தம் அண்ணன் சிவப்புப் பென்சிலை எடுத்தார், மறுபடியும் காதில் சொருகினார். அன்று மத்தியானம் சூளையைக்கூட அவர் திட்டவில்லை. ஐந்து மணிக்குப் புறப்படும்போது என்னிடம் வந்து, “அவ சொன்ன வாக்கியம் தப்பு. ஆனா கேட்ட கேள்வி தப்பில்ல” என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

அதற்கு அடுத்த கோடையில் ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பந்தல் போட்டு மூன்று நாள் பகல் ஜெபக்கூட்டம் நடந்தது. எங்கிருந்தோ ஒரு பிரசங்கி வந்திருந்தார். வெள்ளை சூட், வெள்ளை ஷூ. விருத்தாசலத்து வெயிலில், அந்தப் புழுதியில், வெள்ளை ஷூ! அதைப் பார்த்தே பாதிப் பேர் அற்புதம் நடந்துவிட்டதாக நம்பினார்கள். மரகதம் அக்கா தன் மகள் செல்வியை அழைத்துக்கொண்டு போனார். செல்விக்குப் பத்து வயது. வலிப்பு உண்டு. தினம் காலையும் மாலையும் மாத்திரை.

பிரசங்கி செல்வியின் தலையில் கை வைத்துவிட்டு மைக்கில் சொன்னாராம்: “இவள் சுகமாயிட்டாள். இனிமேல் மாத்திரை தொட்டால் அது அவிசுவாசம்.”

அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டார்.

நாலாம் நாள் காலை, தெருக் குழாயடியில் செல்விக்கு வலிப்பு வந்து விழுந்து நெற்றி கிழிந்தது. செய்தி கேட்டு நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் திருத்தம் அண்ணன் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்திருந்தார். அவர் சூளையை எரிய விட்டுவிட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. நெற்றியில் கட்டோடு செல்வி பாயில் படுத்திருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

“எனக்கு விசுவாசம் பத்தலண்ணே. அதான் வந்துடுச்சி. நான் மூணு நாளு உபவாசம் இருக்கப் போறேன்.”

“மாத்திரை எங்க?”

“வேணாம். தொட்டா அவிசுவாசம்.”

“யாரு சொன்னா?”

“கூட்டத்துல சொன்னாரு.”

திருத்தம் அண்ணன் வழக்கம்போலச் சத்தம் போடுவார் என்று நான் பயந்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார். அந்த நீளக் காலை மடக்க இடமில்லாமல் ஒன்றை வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டார்.

“மரகதம், அந்தாளு சொன்னதை நீ எதோட வச்சிப் பாத்த?”

“எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.”

“எனக்குத் தெரியும்ல? நான் சொல்றேன், கேளு. நம்ம சுவிசேஷம் எழுதுன நாலு பேருல லூக்கா யாரு? வைத்தியரு. அப்போஸ்தலன் பவுல் கூடவே ஊர் ஊராப் போனாரு. வைத்தியத்தை வுட்டுட்டு வான்னு பவுல் அவருகிட்ட சொன்னதா எங்கியும் இல்ல. பிரியமான வைத்தியன்னுதான் எழுதுறாரு. அவரு அவிசுவாசியா? அதே பவுல், வயித்து நோவுக்கு மருந்து மாதிரி கொஞ்சம் திராட்சரசம் குடிப்பான்னு தன் புள்ளை மாதிரி வளர்த்த தீமோத்தேயுக்கு எழுதுறாரு. அவனுக்கு விசுவாசம் பத்தலையா?”

அக்கா அசையவில்லை. “நீங்க புஸ்தகத்தை நம்புறீங்க. நான் அவரை நம்புறேன்.”

அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். பிறகு, எனக்கு மறக்கவே மறக்காத ஒரு காரியம் செய்தார். புத்தகத்தை மூடினார்.

“செரி. மாத்திரை வேணாம்னு இயேசப்பா உன்கிட்ட சொன்னாரா? ஆட்டைப் பத்தியெல்லாம் அவருகிட்ட பேசுற ஆளு நீ, புள்ளையைப் பத்திப் பேசாம இருந்திருக்க மாட்ட.”

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “கேக்கல. பயமா இருந்துச்சி.”

“இப்பக் கேளு. நாங்க இருக்கோம்.”

அக்கா கண்ணை மூடினார். வாய்விட்டுப் பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. வெளியே யாரோ தண்ணீர்க் குடம் வைக்கிற சத்தம். ஒரு நிமிஷம் இருக்கும். அக்கா எழுந்தார், அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டார், மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தார். தூக்கி எறிய மனசு வரவில்லை போலிருக்கிறது, ஒளித்து வைத்திருந்தார்.

“என்னாக்கா சொன்னாரு?” என்று நான் கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. ஆனா நான் இயேசப்பாவை அந்தக் கூட்டத்து ஆளு மாதிரி நெனச்சிட்டேன். இவரு அப்புடிப்பட்டவரு இல்லியே” என்றார் அக்கா. செல்வியைத் தூக்கி நிமிர்த்தி, தண்ணீர் கொடுத்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஊருக்கு நல்லதாக இருந்திருக்கும். பிரசங்கிக்குக் கிடைத்த வரவேற்பில் கூட்டத்தை இன்னும் இரண்டு நாள் நீட்டியிருந்தார்கள். அன்று மத்தியானம் அண்ணன் பந்தலுக்குப் போனார். நானும் என் வீட்டுக்காரரும் பின்னாலேயே ஓடினோம். பிரசங்கி மேடையில் கையை உயர்த்தி, “விசுவாசம் இருந்தால் டாக்டர் எதற்கு?” என்று முழங்கினார். இரண்டாயிரம் பேர் கை தட்டத் தயாரான அந்த நொடியில், பந்தலின் நடுவிலிருந்து, ஸ்பீக்கரையே தோற்கடிக்கிற குரலில்:

“திருத்தம்!”

வாலண்டியர்கள் நாலு பேர் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். அவர் கால் தரையில் படாமலே லூக்காவில் ஆரம்பித்தார். வாசலுக்கு வருவதற்குள் தீமோத்தேயுவையும் முடித்துவிட்டார். தூக்கி வந்தவர்களில் ஒருவன் வெளியே இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, “ஐயா, எங்கம்மாவுக்கு சுகர் மாத்திரை. அதைக் குடுக்கலாமா?” என்று கேட்டான்.

“ஓடிப்போய்க் குடு” என்றார் அண்ணன், சட்டையை உள்ளே சொருகிக்கொண்டே.

அன்று சூளையிலிருந்து எடுத்த பொம்மை அத்தனையும் கருகிப்போயிருந்தன. அவர் சைக்கிளில் பறந்த நேரத்தில் நெருப்பு எல்லை மீறிவிட்டது. முதலாளி கறுத்துப்போன ஒரு கிருஷ்ணரைக் கையில் எடுத்துப் பார்த்தார். விஷயம் முழுவதையும் கேட்டார். “கிருஷ்ணர்னா கறுப்பாத்தானே இருக்கணும். வுடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தொண்ணூறுகள் ஆரம்பித்தன. அண்ணனுக்குப் பார்வை மங்க ஆரம்பித்தது. வருஷக்கணக்காகச் சூளை ஓட்டையில் வைத்த கண். முதலில் ஓரக்குறிப்புகள் தெரியவில்லை, பிறகு வசனமே தெரியவில்லை. புத்தகத்தை மூக்கில் ஒட்டி வைத்துக்கொள்வார், வெயிலில் பிடிப்பார், தூரத்தில் பிடிப்பார். யாராவது பார்த்தால் ஏதோ ஆழமாக யோசிப்பது போல நடிப்பார். ஒரு நாள் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. அந்த மனிதருக்குத் திருத்தம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடியில் கூடினோம். “அண்ணனுக்காக ஜெபிக்கலாம்” என்று நான் ஆரம்பிக்கப் போனேன்.

“வேணாம். நானே ஜெபிக்கிறேன்” என்றார்.

எங்களுக்குக் கண்ணை மூடக்கூட மறந்துவிட்டது.

அவர் எழுந்து நின்றார். “ஆதியும் அந்தமுமில்லாதவரும், சர்வவல்லமையும் சர்வஞானமும் உள்ளவரும், வானத்தையும் பூமியையும் காணப்படுகிறதும் காணப்படாததுமான யாவையும்...” கல்வெட்டு மாதிரி கணீரென்று வந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. இப்படி இரண்டு நிமிஷம். பிறகு சட்டென்று நின்றுவிட்டது. தொண்டையைச் செருமினார்.

“ஆண்டவரே... எனக்கு...” மறுபடியும் செருமினார். “அடியேனுக்கு... பார்வையாகிய நன்மையை உமது சித்தத்தின்படி... இல்ல. உமது சித்தத்தின்படின்னு சொன்னா நான் கேக்காத மாதிரி ஆயிடும். கேட்டா சித்தத்துக்கு விரோதமா... திருத்தம்... ஆண்டவரே...”

எல்லாருக்கும் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

“பயமா இருக்குது ஆண்டவரே. படிக்க முடியாம போயிட்டா நான் உங்ககிட்ட எப்புடி வருவேன்? எனக்கு வேற வழி தெரியாதே.”

அவ்வளவுதான். அதற்கு மேல் வரவில்லை. முடிவுரையும் இல்லை. வெறுமனே நின்றுகொண்டிருந்தார். “முடிக்கத் தெரியல” என்றார் எங்களைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கணக்கு தெரியாமல் கரும்பலகை முன்னால் நிற்கிற பையன் மாதிரி.

மரகதம் அக்கா எழுந்து போய் அவருடைய கையைப் பிடித்தார். “வுடுங்கண்ணே. அவருக்குப் புரிஞ்சிடுச்சி. நான் ஆமென் சொல்லிக்கிறேன்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஒரு மாதம் புத்தகம் தொடக்கூடாது என்றுவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடியும் நீளக் காலுமாக அண்ணன் வீட்டில் அடைந்து கிடந்தார். அந்த ஒரு மாதமும் பள்ளிக்கூடம் விட்டதும் செல்வி வந்து அவருக்குச் சத்தமாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவர் விளக்குவார். மரகதம் அக்கா கதவோரம் உட்கார்ந்து, மகளுக்குத் துணையாக வந்தவள் மாதிரி, காதை முழுசாகத் திறந்து வைத்திருந்தார். மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டர் பிரசங்கத்தில் ஏதோ சொல்லும்போது, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தோம். மரகதம் அக்கா! பாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “ஒருத்தர் போதாதுன்னு ரெண்டு பேரா?”

அண்ணன் வேலைக்குத் திரும்பிய வாரம் நான் சூளைப் பக்கம் போனேன். யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஆளில்லை.

“...இந்த பர்னரு காலையிலேருந்து இருமுது ஆண்டவரே. நேத்துதான் கழுவுனேன். நீங்களே ஒரு பார்வை பாருங்க.” பிறகு கொஞ்சம் தயங்கி, “அற்பமான காரியம்தான். சொல்லணும்னு தோணுச்சி” என்றார்.

சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன். போய் மரகதம் அக்காவிடம் சொன்னேன். அக்கா கிளேஸ் கையோடு வாயைப் பொத்திச் சிரித்து, முகமெல்லாம் வெள்ளையானார்.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்தது. அதற்குள் எங்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்திருந்தார்கள். நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய காலை ஜங்ஷனில் கம்பெனியே வந்து நின்றது. முதலாளி ஒரு பெட்டி நிறையப் பொம்மை கொடுத்தார். மரகதம் அக்கா புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். செல்வி என் சின்னவளைத் தூக்கி வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள். வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திருத்தம் அண்ணன் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் பிள்ளைகள் தலையில் வைத்தார்.

“ஒரு வார்த்தை ஜெபிச்சிடுறேம்மா.”

ஒரு வார்த்தையா! பெரியவனின் கணக்குப் பரீட்சை, சின்னவளின் காதுவலி, புது ஊரில் தண்ணீர் எப்படியோ, என் வீட்டுக்காரருக்கு நல்ல மேலதிகாரி அமைய வேண்டும், எனக்குத் தனிமையாக இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் வீட்டுச் சங்கதி இத்தனை அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வாக்கியங்கள் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. இலக்கணம் எங்கோ போயிற்று.

கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக் கொடியை விரித்தார், எட்டிப் பார்த்தார், மறுபடியும் சுருட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற போர்ட்டர் ஏதோ கேட்க, “அவரு முடிக்கட்டும்யா, அப்பறம் எடுத்துக்கலாம்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

அன்று அந்த பாசஞ்சர் வண்டி விருத்தாசலத்திலிருந்து இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது. ரயில்வேயில் அதற்கு என்ன காரணம் எழுதி வைத்தார்களோ தெரியாது. எங்கள் நாலு பேர் பெயரையும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் காரணம்.